கூரை போன நிலமும் கூரை நின்ற நிலமும்: ஆழம் குறைந்த தொல்தங்கப் படிவுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

யானைமலையின் ஒத்தக்கடைப் பக்க அடிவாரத்தில் மாணவர்களுக்குப் பாறை காட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், முதலாமாண்டு மாணவி ஒருவர் தரையில் கிடந்த வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஒன்றை எடுத்து நீட்டினார். "சார், கோலார்ல இந்த மாதிரி வெள்ளைக்கல்லுலதான் தங்கம் இருந்துச்சுன்னு சொன்னீங்க. இங்கேயும் அதே கல்லு கெடக்கு. இங்கே மட்டும் ஏன் சார் தங்கம் இல்ல?" என்று கேட்டார். "எல்லா வெங்கச்சங்கல்லிலும் தங்கம் இருக்காதும்மா" என்று மட்டும் அன்று சொன்னேன். சொன்னதில் பிழையில்லை, ஆனால் அது கேள்வியின் அடியைத் தொடவில்லை. ஓரிடத்தில் தங்கம் உருவாயிற்றா என்பது ஒரு கேள்வி. உருவான தங்கம் அங்கேயே நிலைத்ததா என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு மதுரை நிலம் ஒரு முனையிலிருந்தும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள டிரம்மண்ட் படுகை மறுமுனையிலிருந்தும் விடை தருகின்றன. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இவ்வாய்வு.

கோலாரை முதலில் விலக்கி வைத்துவிட வேண்டும். கோலார்த் தங்கம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், மலையாக்க அழுத்தத்தால் பிளந்த பாறைகளுக்குள் உருவானது. 2001-இல் மூடப்பட்டபோது அச்சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. அத்தனை ஆழத்தில் பிறந்த தங்கத்துக்கு மேலே தடித்த பாறைக் கூரை இருந்தது. கூரை தேய்ந்து தீருவதற்கே கோடிக்கணக்கான ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆகவே அது நெடுங்காலம் நிலைத்ததில் பெரிய வியப்பில்லை. நிலமட்டத்திலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துக்குள், பல இடங்களில் வெறும் 200, 300 மீட்டர் ஆழத்திலேயே உருவாகும் தங்கம் உண்டு. புவியியலாளர் வால்டெமர் லிண்ட்கிரென் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'எபிதெர்மல்' என்று பெயரிட்ட வகை அது. அவ்வகைத் தங்கம் பத்துக் கோடி, முப்பது கோடி ஆண்டுகள் தாண்டியும் சில இடங்களில் கையில் கிடைக்கிறது என்பதுதான் விளக்கம் கேட்கும் செய்தி.

பானையின் காரையும் பாறையின் தங்கமும்

மதுரையில் போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடு எதிலும், வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்புறத்தைப் பார்த்தால் ஒரு வெண்ணிறக் காரை படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் போகாது. புளி போட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது அதில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. அதன் துணையால் கரைந்து நின்ற சுண்ணம் பிடிமானம் இழந்து பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஆழம் குறைந்த தங்கப் படிவு உருவாகும் விதமும் இதுதான். பாத்திரத்துக்குப் பதில் பாறைப் பிளவு, அடுப்புக்குப் பதில் எரிமலைச் சூடு.

நிலத்தடி நீர் 150 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடேறிப் பிளவுகளின் வழியே மேலே ஏறுகிறது. மேலுள்ள நீரின் எடை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அது கொதிப்பதில்லை. 250 பாகைச் சூடுள்ள நீர், நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 460 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் கொதிக்கத் தொடங்கும். 200 பாகை நீர் சுமார் 165 மீட்டர் வரை ஏறிவந்த பின்பே கொதிக்கும். கொதித்ததும் கார்பன் டை ஆக்சைடோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளியேறுகிறது. நீரில் கந்தகத்தோடு பிணைந்து கரைந்திருந்த தங்கத்துக்கு அந்தப் பிணைப்பு அறுந்தால் கரைசலில் நிற்க வழியில்லை. அது அங்கேயே படிந்துவிடுகிறது. நியூசிலாந்தின் பிராட்லண்ட்ஸ் வெப்பநீர்க் களத்தில், ஆழ்துளையிலிருந்து வரும் நீரின் அழுத்தம் திடீரெனக் குறையும் தகடுகளின் மேல் தங்கம் படிந்திருந்ததை 1986-இல் பதிவு செய்தனர். கொதிப்பே தங்கத்தை இறக்குகிறது என்பதற்குக் கண்முன் கிடைத்த சான்றாக அதை நான் வகுப்பில் எப்போதும் சொல்வதுண்டு.

இப்படிப் பிளவை நிரப்பி இறுகிய கனிமப் பட்டையை நரம்பு என்பார்கள். இவ்வகை நரம்பிலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டைக் கையில் வைத்துப் பார்ப்பது தனி அனுபவம். பால்நிறம், சாம்பல், இளம்பழுப்பு என நகத்தின் தடிப்புக்கும் குறைவான பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இரு சுவர்களிலிருந்தும் நடுவை நோக்கி வளர்ந்திருக்கும். சில பட்டைகளுக்கிடையே மெல்லிய ஏடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து நிற்கும். அவை ஒருகாலத்தில் கொதிநீர் விட்டுச்சென்ற சுண்ண ஏடுகள், பின்னர் அதே வடிவம் மாறாமல், வெங்கச்சங்கல்லின் பொருளான சிலிக்காவால் நிரப்பப்பட்டவை. ஜப்பானின் ஹிஷிகாரிச் சுரங்கத்தில் கறுத்த மெல்லிய பட்டைகளில்தான் தங்கமும் வெள்ளியும் செறிந்துள்ளன. அந்தப் படிவுக்கு வயது ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகளே. இன்றும் சுரங்கத்துக்குள் சுமார் 65 பாகைச் சூட்டில் வெந்நீர் ஊறுகிறது. புவியியல் கணக்கில் அது இன்னும் அடுப்பிலிருந்து இறக்கப்படாத பானை.

கொதித்து ஏறிய நீரின் மிச்சம் நிலத்துக்கு வெளியே ஊற்றாக வழியும்போது சிலிக்காவைப் படலம் படலமாக விட்டுச்செல்கிறது. சிண்டர் எனப்படும் இப்படிவுதான் இக்கதையில் முக்கியமான சாட்சி. அதில் தங்கம் பெரும்பாலும் மிகக் குறைவு. ஆனால் அது நிலமட்டத்திலேயே உருவாவது. ஆகவே எங்கே ஒரு தொல்சிண்டர் தன் இடத்திலேயே நிலைத்திருக்கிறதோ, அங்கே பழைய நிலமட்டமே அழியாமல் நிலைத்திருக்கிறது. அதற்குக் கீழே தங்கம் இருந்திருந்தால் அதுவும் முழுமையாக இருக்கும்.

தேய்மானக் கணக்கு

ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் தேயும் நிலத்தை எடுத்துக்கொள்வோம். எழுதும் தாளின் தடிப்பு அவ்வளவுதான். 10 இலட்சம் ஆண்டுகளில் அந்நிலம் 100 மீட்டரை இழக்கும். ஒரு கோடி ஆண்டுகளில் ஒரு கிலோமீட்டரை இழக்கும். மழை மிகுந்த எரிமலை நாடுகளில் தேய்மானம் இதைவிட விரைவாகவும் நடக்கும். பத்தில் ஒரு பங்கு வேகத்தில் தேய்ந்தாலும், பத்துக் கோடி ஆண்டுகளில் அதே ஒரு கிலோமீட்டர் போய்விடும். இவ்வகைப் படிவுகளில் தங்கம் செறிந்த பகுதியின் உயரமே பல இடங்களில் சில நூறு மீட்டர்தான்.

அதனால்தான் உலகின் எபிதெர்மல் படிவுகளில் மிகப் பெரும்பான்மை கடந்த சில கோடி ஆண்டுகளுக்குள் உருவானவையாக உள்ளன. இந்தப் பட்டியலைப் பார்க்கும் சிலர், அண்மைக் காலத்தில்தான் இவ்வகைத் தங்கம் மிகுதியாக உருவானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது முதியோர் குறைவாக இருப்பதைப் பார்த்து, அக்காலத்தில் குழந்தைகளே குறைவாகப் பிறந்தன என்று சொல்வது போலத் தோன்றுகிறது. ஸ்டீஃபன் கெஸ்லர், புரூஸ் வில்கின்சன் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காகவே அணுகியது: படிவுகள் உருவாகும் வீதம் மாறாதிருந்தாலும், நிலம் உயர்வதும் தாழ்வதும் தேய்வதும் சேர்ந்து இப்போது நாம் காணும் வயதுப் பரவலைத் தரும். வயதுப் பட்டியல் பெரிதும் தப்பியவற்றின் பட்டியல் என்றே அதைப் படிக்க வேண்டும்.

முதல் நிகழ்வு: மதுரை

இனி நம் காலடிக்கு வருவோம். மதுரைக்கு மேற்கே கொடைக்கானல் மலைத்தொகுதி பெரும்பாலும் சார்னோக்கைட் எனும் கருமை கலந்த பாறையால் ஆனது. மலையடிவாரத்தில் தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டிப் பகுதியில் சஃபிரின் எனும் நீலக் கனிமம் கொண்ட பாறைகள் உள்ளன. சஃபிரின், குவார்ட்ஸ் போன்ற கனிமங்கள் இணைந்து உருவாக 900 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். பாறையில் பதிந்துள்ள அழுத்தமோ 25 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்துக்கு உரியது. மதுரை நிலத்தொகுதி என்று புவியியலாளர் அழைக்கும் இப்பரப்பில் அந்த உச்ச வெப்பம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றிணைந்த காலத்தைச் சேர்ந்தது.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று ஆடு மேயும் அந்த மலையடிவாரம் ஒருகாலத்தில் 25 கிலோமீட்டருக்கும் அதிகமான பாறைக்குக் கீழே கிடந்தது. அந்தப் பாறை முழுவதும் இப்போது இல்லை. 27 கிலோமீட்டர் என்று நடுவாக வைத்து 55 கோடியால் வகுத்தால், 10 இலட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வருகிறது. அதாவது இரண்டு கோடி ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர். இது சராசரிதான். மலைகள் உயர்ந்த தொடக்க காலத்தில் விரைவாகவும் பின்னர் மிக மெதுவாகவும் தேய்ந்திருக்கும். எப்படியாயினும், அந்தப் பழைய நிலமட்டத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருந்திருந்தால், அவற்றின் கீழ் தங்க நரம்புகள் இருந்திருந்தால், அவை கழன்றுபோன கூரையின் முதல் ஒரு கிலோமீட்டரிலேயே முடிந்துபோயின. மாணவி கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: அவர் கையில் ஏந்திய வெங்கச்சங்கல், தங்கம் படியும் தளத்துக்கு வெகு கீழே, புவியோட்டின் ஆழத்தில் இறுகியது. வீட்டின் கடைக்காலில் நின்றுகொண்டு மாடியறைப் பெட்டியைத் தேடுகிறோம்.

அந்தத் தங்கம் என்னவாயிற்று? தங்கம் எளிதில் சிதையாத உலோகம். அதன் அடர்த்தி நீரைவிட 19 மடங்குக்கும் மேல். பட்டறைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைத் தொழிலாளர் பட்டறை வாசலைப் பெருக்கிய குப்பையையும் சாக்கடை மண்ணையும் வாங்கிச் சென்று அரித்துத் தங்கத் துகள் எடுக்கும் தொழில் இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது. அகன்ற சட்டியில் மண்ணை நீரோடு சுழற்றும்போது மணலும் சாம்பலும் விளிம்பு தாண்டி ஓடிவிடும். கறுப்பு மண்ணின் அடியில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் தங்கும். ஆறும் அதையே செய்யும். ஆனால் வீதியின் சாக்கடை ஒரு சில மீட்டருக்குள் நின்றுவிடுகிறது; ஆறோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாரிக்கொண்டு கடலுக்கு ஓடுகிறது. தென்னாட்டுப் பாறைகளிலிருந்து கரைந்த மண்ணின் ஒரு பங்கு, காவிரி முதல் இராமநாதபுரம் வரையிலான கிழக்குக் கரைப் படுகைகளில் கிலோமீட்டர் கணக்கான தடிப்பில் கிடக்கிறது. தங்கம் அதில் அணுவணுவாகச் சிதறியிருக்குமே தவிர, படிவாக இராது.

ஆற்று வண்டலில் சேர்ந்த தங்கமும் நெடுங்காலம் தப்பியதுண்டு. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் 270 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கூழாங்கற் படிவுகளில் உள்ள தங்கம், மனிதர் இதுவரை வெட்டியெடுத்த தங்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதன் மீது எரிமலைக் குழம்பு பரந்து மூடியது. 202 கோடி ஆண்டுகளுக்கு முன் விரெடஃபோர்ட்டில் விழுந்த விண்கல், சுற்றியிருந்த அடுக்குகளைக் கீழ்நோக்கி வளைத்து மேலும் காத்தது. அங்கும் காத்தது மூடியே.

இரண்டாம் நிகழ்வு: டிரம்மண்ட் படுகை

குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸ் நகருக்குத் தெற்கே பஜிங்கோ என்ற இடத்தில் 1980-களில் ஒரு தங்கப் படிவு கண்டறியப்பட்டது. வறண்ட, தட்டையான, புதர் மண்டிய நாடு அது. நம் சிவகங்கைப் பக்கத்து மேட்டுநிலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாக இராது. அங்குள்ள குவார்ட்ஸ் நரம்புகள் ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன், எரிமலைப் பாறைகளின் பிளவுகளில், நிலமட்டத்துக்கு அருகே உருவானவை. மேலே விவரித்த பட்டைகளும் சாய்ந்த ஏடுகளும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. இதுவரை 80 டன்னுக்கும் அதிகமான தங்கம் அங்கிருந்து எடுக்கப்பட்டுள்ளது. மதுரையின் சராசரித் தேய்மானம் அங்கும் நிலவியிருந்தால், அதே 34 கோடி ஆண்டுகளில் 17 கிலோமீட்டர் போயிருக்கும்.

போகவில்லை என்பதற்குத் தங்கத்தைவிட வலுவான சான்று, அப்படுகையின் பல இடங்களில் கிடைக்கும் சிண்டர்கள். 1980-களின் இறுதியில் அவை அடையாளம் காணப்பட்டன. அவற்றில் விரல் தடிப்புக்கும் குறைவான படலங்கள், வெந்நீர் வழிந்த ஓடைகளில் நுண்ணுயிர்கள் கட்டிய சிறு தூண்கள், ஊற்றங்கரையில் நின்ற செடிகளின் தண்டுகள் ஆகியவை கல்லாகி நிற்கின்றன. மழையில் நனைந்து வெயிலில் வெடித்துச் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே பொடிந்துபோகக்கூடிய அந்த மேலோடு, மீன்கள் கரையேறத் தொடங்கிய காலத்தை ஒட்டி உருவாகி, இன்றும் கைவிரலால் தடவிப் பார்க்கும்படி இருக்கிறது. மாணவர்களுக்கு அதன் படத்தைக் காட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கே ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும்.

இதை எது காத்தது? டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்நிலம் இழுபட்டுப் பிளந்தது. இழுபடும் நிலத்தில் பிளவுகள் திறக்கின்றன. திறந்த பிளவு வழியே சூடும் நீரும் ஏறுகின்றன. அதே பிளவுகளின் ஒருபக்க நிலம் கீழே சரிந்து இறங்குகிறது. தங்கத்தைக் கொண்டுவரும் கதவும், அதை மூடி வைக்கும் பள்ளமும் ஒரே விசையால் உண்டாகின்றன. இந்த ஒற்றுமையே இவ்வாய்வின் மையம் என்று கருதுகிறேன். பள்ளமான இடத்துக்கு மண் தானாக வந்து சேரும். கண்மாய் தூர்ந்துபோவதைப் பார்த்த நம்மூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. எரிமலைச் சாம்பலும் ஏரிச் சேறும் ஆற்று மணலும் அடுத்தடுத்து வந்து சிண்டரைப் புதைத்தன. படுகை தொடர்ந்து தாழ்ந்தது. படிவு தொடர்ந்து ஏறியது. பின்னர் அடுக்குகள் ஓரளவு மடிந்தன; மேற்குப் பகுதியின் மேல், பின்னர் உருவான அண்டைப் படுகையான கலிலீ படுகையின் படிவுகளும் வந்து மூடின. ஆயினும் அடியில் இருந்தவை உருகவோ உருக்குலையவோ செய்யும் அளவுக்கு ஆழமாகவோ சூடாகவோ போகவில்லை.

எரிமலைகள் நெருக்குண்டு உயரும் மலைத்தொடரில் இது நேர்மாறாக நடக்கும். ஆண்டீசு மலையின் உச்சிப் பகுதிகளில் இன்று உருவாகும் ஆழம் குறைந்த படிவுகளுக்கு எதிர்காலம் மிகக் குறுகியது. நிலம் உயர உயர மழையும் பனியும் அதைச் சீவிக்கொண்டே இருக்கும். சிலிக்கா இறுகிய பாறை கடினமானது, தேய்மானத்தைத் தாங்கும் என்று சிலர் வாதிடுவதுண்டு. தாங்கும், உண்மைதான், சுற்றியுள்ள மென்பாறை கரைந்து அது மட்டும் குன்றாக நிற்பதையும் காணலாம். ஆனால் அது தவணை வாங்கித் தருமே ஒழியக் கடனைத் தீர்க்காது. புதைவுக்கு ஈடான பாதுகாப்பு எதுவுமில்லை.

புதைவு மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புதைந்தது புதைந்தபடியே கிடந்தால் அதை நாம் அறியமாட்டோம். 34 கோடி ஆண்டுகள் மூடிக்கிடந்து, அண்மைக் காலத்தில் மேல்மண் அரித்து, நரம்பின் தலை வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்து, நரம்பே கரைந்துபோகும் முன்னர் மனிதர் அங்கே நடந்து போக வேண்டும். பஜிங்கோ அந்தக் குறுகிய இடைவெளியில் அகப்பட்ட ஒன்று. அகப்படாதவை எத்தனை ஆயிரம் மீட்டருக்குக் கீழே படிவுப் பாறைகளுக்குள் முழுமையாக உறங்கிக்கொண்டிருக்கின்றனவோ, அவற்றைத் தேடுவதே இத்துறையின் அடுத்த வேலையாக இருக்க முடியும்.

பக்கச் சான்றுகள்

அர்ஜென்டினாவின் தென்பகுதியில், சுமார் 60,000 சதுர கிலோமீட்டர் பரந்த தெசெயாதோ மேட்டுநிலத்தில் ஜுராசிக் காலத்துச் சிண்டர்களும் தங்க நரம்புகளும் உள்ளன. 1998-இல் உற்பத்தி தொடங்கிய செர்ரோ வாங்குவார்தியா தங்கச் சுரங்கம் அங்குள்ளது. இழுபட்ட நிலம், வறண்ட காற்று, பெரிய உயர்வில்லாத தரை ஆகியவை சேர்ந்து அதைக் காத்தன. ஸ்காட்லாந்தின் ரைனியில், மருத்துவர் வில்லியம் மேக்கி 1912-இல் கண்டறிந்த 40 கோடி ஆண்டுப் பழமையான சிண்டரில் செடிகளின் உயிரணுக்கள் கூடத் தெரிகின்றன. அதுவும் ஒருபக்கம் சரிந்த பள்ளத்தில் புதைந்ததுதான். சவூதி அரேபியாவில் 'தங்கத் தொட்டில்' என்று பொருள்படும் மஹ்த் அத் தஹப் படிவு 60 கோடி ஆண்டுகளுக்கும் பழையது. பண்டைக் காலத்திலேயே வெட்டப்பட்டது. மிகப் பழைய வெந்நீர்ப் படிவோ ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 348 கோடி ஆண்டு வயதோடு நிற்கிறது. வயது எதுவாயினும், ஒவ்வொன்றிலும் நிலம் சரியான நேரத்தில் தாழ்ந்திருக்கிறது அல்லது தட்டையாகவே கிடந்திருக்கிறது.

மீண்டும் கெங்குவார்பட்டிக்கு

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். மேலிருந்த நிலமட்டம் தேய்வதற்குப் பதில், கண்டங்கள் மோதியபோது அதில் ஒரு துண்டு கீழே இழுக்கப்பட்டு, வெந்து, உருமாறி, மீண்டும் மேலே வந்திருக்கலாகாதா? வந்திருக்கலாம், உலகில் அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. சுவீடனின் எனோசெனில் ஏறத்தாழ 190 கோடி ஆண்டுப் பழமையான தங்கப் படிவு, அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த சிலிமனைட் எனும் கனிமம் நிறைந்த பாறையில் உள்ளது. அமில வெந்நீர் பாறையிலுள்ள மற்றவற்றைக் கரைத்துவிட்டு அலுமினியத்தையும் சிலிக்காவையும் மட்டும் விட்டுச்சென்றது. அப்படி எஞ்சிய களிமண் பின்னர் ஆழத்தில் வெந்து சிலிமனைட் ஆனது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள ஹோப் புரூக் படிவும் இதுபோலச் சிதைந்து உருமாறியதே. அழகிய பட்டைகளும் ஏடுகளும் அவற்றில் கலைந்துவிட்டன. தங்கமும் அதைச் சூழ்ந்த வேதிக் கையெழுத்தும் நிலைத்தன.

கெங்குவார்பட்டிப் பாறைகளிலும் அலுமினியம் மிகுதி, சிலிமனைட்டும் உண்டு. ஆனால் அலுமினியம் மிகுந்த பாறை அமில வெந்நீரால் மட்டும் உருவாவதில்லை. கடலடிச் சேறு உருமாறினாலும் அதே கனிமங்கள் வரும். மதுரைத் தொகுதியின் இப்பாறைகள் அத்தகைய தொல்படிவுகளிலிருந்து வந்தவை என்றே புவியியலாளர் பொதுவாகக் கொள்கின்றனர். மக்னீசியமும் இரும்பும் கணிசமாக அவற்றில் இருப்பது அந்த முடிவுக்குத் துணை நிற்கிறது. அமில நீர் கழுவிய பாறையாயின் அவையும் கரைந்து போயிருக்கும், குவார்ட்ஸும் சிலிமனைட்டும் கந்தகக் கனிமங்களுமே எஞ்சியிருக்கும்.

அடுத்த களப்பயணத்தில் அதே மாணவியிடம் இதைச் சொல்லி, யானைமலைக்குப் பதில் கெங்குவார்பட்டிக்கு அழைத்துச் சென்றேன். நீலம் பூத்த ஒரு பாறைத் துண்டை உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ சார், நாம நிக்கிறது தரையே இல்ல, முப்பது கிலோமீட்டர் கீழ இருந்த இடம்" என்றார். நோட்டில் அன்றைய இடத்தின் பெயருக்குக் கீழே, 'கூரை: இல்லை' என்று எழுதிக்கொண்டார்.